கடைசி நாற்காலிப் பிள்ளைக்கு எட்டும் இசை: ஆரம்பநிலை ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவுக்கு அரேஞ்ச்மென்ட் தேர்ந்தெடுப்பது எப்படி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பள்ளி ஆண்டு விழாவுக்கோ தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கோ பிள்ளைகளை வைத்து ஒரு சின்ன ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ரா (வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் என்ற வில் வாத்தியங்கள் சேர்ந்த குழு) சேர்க்கும்போது, முதலில் முடிவாவது பாட்டின் பெயர்தான். பேக்கல்பெல் கேனன் போடலாம், மோட்சார்ட் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். பிறகு அதன் இசைத்தாள் தேடுவார்கள். தாள் கைக்கு வந்து, பிரதி எடுத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான் செல்லோ வாசிக்கும் மூன்று பேருக்கும் அதில் பாதி சுரம் எட்டவில்லை என்று தெரியும். அதற்குள் விழாவுக்கு ஐந்து வாரம்தான் மிச்சம் இருக்கும்.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் பிள்ளைகள், அடுத்து விரல்கள், அடுத்து வில், கடைசியாகப் பாட்டின் பெயர். அட்டையில் இருக்கும் பெயர் மெட்டை யார் எழுதினார் என்று மட்டுமே சொல்கிறது. அதை உங்கள் குழுவுக்கு ஏற்றபடி எழுதியவர் அரேஞ்ச்மென்ட் செய்தவர். ஒரே பேத்தோவன் மெட்டு ஆறு மாதம் வாசித்த பிள்ளைக்கும் கிடைக்கும், ஆறு வருடம் வாசித்தவருக்கும் கிடைக்கும்.

தாள் தேடும் முன் தலை எண்ணுங்கள்

ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்த வாத்தியம், வில் பிடித்து எத்தனை மாதம் ஆகிறது, எந்தத் தந்திகளில் தயங்காமல் வாசிக்கும், தாளைப் பார்த்து வாசிக்குமா அல்லது கேட்டுப் பிடிக்குமா. நான்கு விவரம் போதும். கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்; ஒத்திகையில் அதிகம் காலை வாருவதும் அதுதான்.

எடுத்துக்காட்டுக்கு 14 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: வயலின் 10, செல்லோ 3, வயோலா 1, டபுள் பாஸ் கிடையாது. இதில் முதல் வயலினுக்கு 4 பேர், இரண்டாம் வயலினுக்கு 4 பேர், மூன்றாம் வயலினுக்கு 2 பேர் என்று பிரித்து, வயோலாவை மூன்றாம் வயலினோடு உட்கார வையுங்கள். நன்றாக வாசிப்பவர்கள் எல்லோரையும் முதல் வயலினில் குவிக்காதீர்கள். தாளம் தவறாத பிள்ளைகளில் ஒருவராவது இரண்டாம் வயலினில் இருந்தால்தான் அந்த வரிசை நிற்கும். செல்லோ ஒன்றே ஒன்று இருந்தால், கீபோர்டில் இடது கை அதே வரியைக் கூடவே வாசிக்கட்டும்; அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பாஸ் இல்லாததைப் பற்றியும் கவலை வேண்டாம். இந்த நிலைக்கான அரேஞ்ச்மென்ட்களில் பாஸ் வரி பெரும்பாலும் செல்லோ வரியேதான்; ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே ஒலிக்கும், அவ்வளவே.

வயோலா இல்லாத குழுக்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வயோலாவின் ஜி, டி, ஏ தந்திகள் வயலினில் இருக்கும் அதே சுருதிதான். அடியில் இருக்கும் சி தந்தி மட்டுமே வயலினில் கிடையாது. ஆகவே வயோலா வரி சி தந்திக்கு இறங்காமல் இருந்தால் ஒரு வயலின் அதை அப்படியே வாசித்துவிடலாம். பல பதிப்புகளில் இதற்காகவே டிரெபிள் கிளெஃபில் (வயலின் படிக்கும் குறியில்) எழுதிய ‘வயலின் 3’ தாள் சேர்ந்து வரும். அது இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் வயோலாவின் ஆல்ட்டோ கிளெஃபை நீங்களே மாற்றி எழுத உட்கார வேண்டும்.

கர்நாடக வயலின் கற்ற பிள்ளைகள்

நம் ஊரில் இது தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். பத்து வயலினில் மூன்று நான்கு பேராவது பாட்டு வாத்தியாரிடம் சரளி வரிசை, ஜண்டை வரிசை முடித்துவிட்டு வருபவர்களாக இருப்பார்கள். காது நன்றாக இருக்கும், தாளம் இருக்கும், வில்லில் பயம் இருக்காது. ஆனால் மூன்று இடத்தில் தடுக்கும்.

முதலாவது, சுருதி சேர்ப்பு. அவர்கள் வயலின் ச-ப-ச-ப என்று சேர்ந்திருக்கும். ஆர்கெஸ்ட்ராவுக்கு ஜி-டி-ஏ-ஈ வேண்டும். ஒரே வயலினை வாரத்துக்கு நான்கு முறை மாற்றி மாற்றிச் சேர்த்தால் தந்தி சீக்கிரம் போய்விடும். முடிந்தால் ஆர்கெஸ்ட்ராவுக்கென்று தனி வயலின் கொடுங்கள். இரண்டாவது, உட்காரும் முறை. பாதத்தில் வயலினின் சுருளை ஊன்றித் தரையில் வாசித்த கைக்கு நாற்காலியும் தோளும் பழக சில வாரம் ஆகும். மூன்றாவதுதான் தேர்வைப் பாதிப்பது. சரளி வரிசை மாயாமாளவகௌளையில் இருக்கிறது. அதில் ரிஷபமும் தைவதமும் சுத்தம். டி தந்தியை ச என்று வைத்தால், அந்தப் பிள்ளையின் முதல் விரல் (ஆள்காட்டி விரல்) பழக்கத்தில் அரை சுரம் பின்னால், ஈ ஃப்ளாட்டில் போய் விழும். டி மேஜருக்கு வேண்டியது சங்கராபரணத்தின் சதுஸ்ருதி ரிஷபம். காந்தாரமும் நிஷாதமும் இரண்டு ராகத்திலும் ஒன்றுதான் என்பதால் இரண்டாம் விரல் தானாகவே சரியான இடத்தில் விழும். தப்புவது முதல் விரல் மட்டும். டி தந்தியில் ஒரு முறை, ஏ தந்தியில் ஒரு முறை. இது தெரிந்துவிட்டால் இரண்டு வாரத்தில் திருத்திவிடலாம். தெரியாவிட்டால் “இந்தப் பிள்ளைக்குச் சுருதி இல்லை” என்று அநியாயமாக முடிவு கட்டுவோம்.

இவர்களுக்காகவும் முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு டி மேஜரிலேயே இருப்பது நல்லது. டி தந்தி ச, பக்கத்து ஏ தந்தி ப. பழகிய வீடு மாதிரி இருக்கும். ஜி மேஜர் வந்ததும் ச டி தந்தியின் மூன்றாம் விரலுக்குப் போய்விடும். அதுவரை விரல் வைக்காத திறந்த தந்தியிலேயே ச பார்த்த பிள்ளை கொஞ்சம் தடுமாறும்.

எந்த மேஜரில் எழுதியிருக்கிறது?

நான்கு வாத்தியத்துக்கும் பொதுவான திறந்த தந்திகள் ஜி, டி, ஏ மூன்றும்தான். வயலினில் சி தந்தி கிடையாது. வயோலாவிலும் செல்லோவிலும் ஈ தந்தி கிடையாது. பாஸில் ஈ, ஏ, டி, ஜி. இதனால்தான் ஆரம்பநிலை தாள்கள் டி மேஜரையும் ஜி மேஜரையும் விட்டு நகர்வதில்லை. மற்றவற்றில் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார். யார் எங்கே மாட்டுவார் என்று தெரிந்துகொண்டால் தாளைப் புரட்டும்போதே முடிவெடுத்துவிடலாம்.

டி மேஜர்: வயலினிலும் வயோலாவிலும் டி, ஏ தந்திகளில் இரண்டாம் விரல் மூன்றாம் விரலை ஒட்டியே நிற்கும். இரண்டு தந்தியிலும் ஒரே கை வடிவம். செல்லோவில் டி தந்தியில் விரல் 1, 3, 4. ஏ தந்தியிலும் 1, 3, 4. கஷ்டம் பாஸுக்குத்தான். டி, ஈ, எஃப் ஷார்ப் (எஃப்-க்கு அரை சுரம் மேல்), திறந்த ஜி, ஏ, பி வரை முதல் பொசிஷனில் (சுருள் பக்கம் கை நிற்கும் முதல் இடத்தில்) வரும். மேலே சி ஷார்ப்புக்கும் டி-க்கும் கையை மூன்றாம் பொசிஷனுக்கு நகர்த்த வேண்டும். நல்ல அரேஞ்ச்மென்ட் செய்பவர் அந்த இடத்தில் பாஸைக் கீழ் ஆக்டேவுக்கு இறக்கிவிடுவார்.

ஜி மேஜர்: ஏ தந்தியில் சி நேச்சுரல் (ஷார்ப்போ ஃப்ளாட்டோ இல்லாத சி) வந்துவிடும். வயலினில் இரண்டாம் விரல் பின்னால் போய் முதல் விரலை ஒட்ட வேண்டும். அதே சமயம் டி தந்தியில் எஃப் ஷார்ப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பார்க்கச் சின்ன மாற்றம். முதல் வருடத்தின் மிகப் பெரிய படி இதுதான். சரளி வரிசைப் பழக்கத்தோடு வருபவர்களுக்கும் இதில் சலுகை இல்லை.

சி மேஜரில் ஷார்ப்போ ஃப்ளாட்டோ இல்லாததால் எளிது என்று பியானோ தெரிந்தவர்கள் நினைப்பார்கள். செல்லோவுக்கு எளிதுதான். வயலினில் டி, ஏ இரண்டு தந்தியிலும் இரண்டாம் விரல் பின்னால் போக வேண்டும். ஈ தந்திக்கு ஏறினால் எஃப் நேச்சுரலுக்காக முதல் விரலும் பின்வாங்க வேண்டும். ஏ மேஜரில் ஜி ஷார்ப் வரும். வயலினில் டி தந்தியின் மூன்றாம் விரலை மேலே நீட்ட வேண்டும். செல்லோவிலோ கையையே விரித்து எக்ஸ்டென்ஷன் வைக்க வேண்டும். சின்னக் கைக்கு அது வலிக்கும். ஃப்ளாட் இரண்டுக்கு மேல் உள்ள எதையும் முதல் வருடத்தில் பையிலேயே வைத்துவிடுங்கள். மைனர் வேண்டுமென்றால் ஈ மைனரில் தொடங்கலாம். அதன் கீ சிக்னேச்சர் (வரியின் தொடக்கத்தில் போடும் ஷார்ப், ஃப்ளாட் குறிகள்) ஜி மேஜருடையதே. நடுவில் டி ஷார்ப் தலைகாட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வில்லுக்கு ஒரு தனிப் பார்வை

விரலைப் பார்த்து வாங்கி, வில்லில் தோற்பதுதான் வழக்கம். தாளை எடுத்து ஒவ்வொரு வரியிலும் இவற்றைத் தேடுங்கள்.

ஒரு பீட்டுக்கு இரண்டாக வரும் க்வேவர்கள் ஒரே தந்தியில் ஓடினால் ஆறு மாதப் பிள்ளையும் வாசிக்கும். அதே க்வேவர்கள் தந்திக்குத் தந்தி தாவினால் ஒரு வருடம் ஆனவரும் திணறுவார். செமிக்வேவர் (பீட்டுக்கு நான்கு) ஒரே சுரத்தின் மேல் திரும்பத் திரும்ப வந்தால் சமாளிக்கலாம். சுரம் மாறிக்கொண்டே வந்தால் முடியாது. புள்ளி வைத்த கிராட்செட்டும் (ஒன்றரை பீட்) அடுத்து வரும் க்வேவரும் சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும். கட்டி நீட்டும் டை, பார் என்ற தாளக் கட்டத்தைத் தாண்டிப் போனால் வகுப்பே அங்கே பிளந்துவிடும்.

பிசிக்காட்டோவிலிருந்து (விரலால் மீட்டுவதிலிருந்து) வில்லுக்கு மாற ஆரம்பநிலைப் பிள்ளைக்கு நான்கு பீட்டாவது ஓய்வு வேண்டும். இரண்டு பீட் மட்டும் இருந்தால் பாதிப் பேர் வில்லை விரலால் தடவிக்கொண்டே அடுத்த பாரைத் தவறவிடுவார்கள். மூன்று தாளப் பாட்டுகளில் ஒவ்வொரு பாரிலும் வில் திசை மாறும்: ஒரு பார் கீழ் வில்லில் தொடங்கினால் அடுத்தது மேல் வில். அதைத் தவிர்க்க வில்லைத் தூக்கி மறுபடி வைக்கச் சொல்லி எழுதியிருந்தால், அதற்கு நேரம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நீண்ட ஓய்வும் ஒரு ஆபத்து. நான்கு பாருக்கு மேல் சும்மா இருக்கும் பிள்ளை எண்ணுவதை விட்டுவிடும். பிறகு பக்கத்து ஆளைப் பார்க்கும். பக்கத்து ஆள் இவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாசிப்பதைவிட வாசிக்காமல் இருப்பது கடினம் என்பது ஆர்கெஸ்ட்ராவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு சோதனை: பாட்டைப் பாதி வேகத்தில் பாடிப் பாருங்கள். அப்போதும் பாட்டாக இருக்கிறதா? பிள்ளைகள் மேடையில் எழுதியிருக்கும் வேகத்தைத் தொட மாட்டார்கள். மெதுவாக வாசித்தால் செத்துப்போகும் பாட்டை எடுக்க வேண்டாம்.

ஸ்கோரைக் கீழிருந்து மேலே படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கோரில் (எல்லா வரியும் ஒன்றாக அச்சிட்ட தாளில்) முதல் வயலின் வரி மேலே இருக்கும். கண் அங்கேதான் போகும். மெட்டும் அங்கேதான் இருக்கும். ஒரு அட்டையால் அதை மூடிவிட்டு, அடியில் இருக்கும் பாஸ், செல்லோ, வயோலா, இரண்டாம் வயலின் என்று ஒவ்வொன்றாகத் தனியே பாடிப் பாருங்கள். பதிப்பகத்தின் மாதிரி ஒலிப்பதிவைக் கேட்டு வாங்குவதும் இதே காரணத்தால் ஏமாற்றும். அதில் காதில் விழுவது முதல் வயலின்தான், வாசித்திருப்பவர்களும் பெரியவர்கள்.

பார்க்க வேண்டியவை: இரண்டாம் வயலினுக்கு எங்காவது எட்டு பாராவது மெட்டு வருகிறதா? வயோலா முழுப் பாட்டும் ‘ம்-சக் ம்-சக்’ என்று பீட்டுக்கு நடுவிலேயே தொங்குகிறதா? அப்படி பீட்டுக்கு நடுவே விழும் சுரங்கள் எளிய சுரமாக இருந்தாலும் பிள்ளைக்குக் கடினம். பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. செல்லோ வரியில் ஒரே சுரத்தை நான்கு பாருக்கு நீட்டினால் வில் போதாமல் நடுங்கும். எல்லா வரியும் ஒரே தாளத்தில் சேர்ந்து நகரும் பாட்டு, ஒருவரை ஒருவர் துரத்தும் பாட்டைவிடப் பாதுகாப்பானது. ஆனால் வருடம் முழுக்க அப்படியே கொடுத்தால் பிள்ளைகள் தனித்து நிற்கக் கற்க மாட்டார்கள். மூன்று பாட்டில் ஒன்றிலாவது ஒரு சின்னத் துரத்தல் இருக்கட்டும்.

பிறகு, வராதவர் சோதனை. வயோலா வரியை முழுதாக அழித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டு நிற்கிறதா? மலையில் மழைநாளில் பஸ் வராது, காய்ச்சல் வரும், யாராவது வரமாட்டார்கள். ஒருவர் மட்டுமே வாசிக்கும் வரியில் மெட்டின் முக்கியமான துண்டு இருந்தால் அந்தத் தாள் உங்களுக்கு வேண்டாம்.

கிரேடு எண்ணை நம்பலாமா?

ஓரளவு. அமெரிக்கப் பதிப்பகங்கள் ஆர்கெஸ்ட்ரா தாளுக்கு அரை, 1, 1½, 2 என்று தொடங்கி 6 வரை எண் போடுகின்றன. நம் பிள்ளைகள் எழுதும் ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வுகள் 1 முதல் 8 வரை. இரண்டு எண்ணும் ஒன்றல்ல. முதலாவது குழுவின் நிலையைச் சொல்கிறது, இரண்டாவது தனியாள் ஒருவர் மாதக்கணக்கில் தயார் செய்து வாசிப்பதைச் சொல்கிறது. தேர்வில் மூன்றாம் கிரேடு தேறிய பிள்ளை, குழுவில் பக்கத்து வரி வேறு ஏதோ வாசிக்கும்போது அமெரிக்க ஒன்றாம் எண் தாளிலேயே தொலைந்துபோவது சாதாரணம். அந்த எண்ணும் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். முதல் வருடக் குழுவுக்கு அரையும் ஒன்றும் எண் உள்ளவற்றைப் புரட்டுங்கள்; பிறகு மேலே சொன்ன சோதனைகளை நீங்களே செய்யுங்கள்.

சில பாட்டுகள், சில பொறிகள்

பேத்தோவன் ஒன்பதாம் சிம்பொனியின் ஆனந்தக் கீதம் (1824). ஆரம்பக் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான மெட்டு குறைவு. மூலத்திலேயே டி மேஜர். டி தந்தியில் மூன்று விரல், கூட ஒரு ஏ. அடுத்தடுத்த சுரமாகவே நகரும். மூலத்தில் இந்த மெட்டை முதலில் வாசிப்பதே செல்லோவும் பாஸும்தான், ஆகவே செல்லோவுக்கு மெட்டு கொடுத்த அரேஞ்ச்மென்ட் மூலத்துக்கும் நியாயம் செய்கிறது. பொறி இரண்டு. மூன்றாம் அடியின் முடிவில் மெட்டு கீழ் ஏ-க்கு இறங்கும். வயலினில் அது ஜி தந்தியின் முதல் விரல். ஜி தந்தி தொடாத பிள்ளைக்கு அந்த ஒரு சுரம் புதிது. நான்காம் அடி ஒரு பீட் முன்னாலேயே தொடங்கி டையில் நீளும். எளிய பதிப்புகள் அந்த டையை எடுத்துவிட்டு நேராக எழுதியிருக்கும். முதல் வருடத்துக்கு அந்தப் பதிப்பையே தேர்ந்தெடுங்கள், தூய்மை பேச வேண்டாம்.

பேக்கல்பெல் கேனன். எல்லோருக்கும் பிடிக்கும், செல்லோ வாசிப்பவரைத் தவிர. மூலம் மூன்று வயலினுக்கும் பாஸ் வரிக்கும் எழுதியது. வயோலா கிடையாது, ஆகவே வயோலாவுக்கு வருவது அரேஞ்ச்மென்ட் செய்தவர் கற்பனை. பாஸ் வரி எட்டே சுரம்: டி, ஏ, பி, எஃப் ஷார்ப், ஜி, டி, ஜி, ஏ. அதே எட்டு 28 முறை. எளிது என்று நினைத்துக் கொடுத்துவிடுவோம். ஆனால் அந்த எஃப் ஷார்ப்பை மூலத்தில் உள்ள கீழ் ஆக்டேவில் எழுதியிருந்தால் செல்லோவில் அது சி தந்தியில் எக்ஸ்டென்ஷன். 28 முறையும் சுருதி தப்பும். நல்ல தாளில் அதை டி தந்தியின் மூன்றாம் விரலுக்கு ஏற்றியிருப்பார்கள். அதை மட்டும் பார்த்தாலே அரேஞ்ச்மென்ட் செய்தவருக்கு செல்லோ தெரியுமா தெரியாதா என்று சொல்லிவிடலாம். 28 சுற்றை 10 அல்லது 12 ஆகக் குறைத்த பதிப்பு போதும்.

ஹெய்டன் 94-ஆம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி (1791). மெதுவாக, ரகசியம் பேசுவது மாதிரி போய், திடீரென்று எல்லோரும் சேர்ந்து ஒரே போடு போடும் பாட்டு. பிள்ளைகளுக்கு அந்த ஒரு அடிக்காகவே பிடிக்கும். மென்மையாக வாசிக்கவும் அது கற்றுக்கொடுக்கும். மூலம் சி மேஜர். இங்கே எந்த மேஜருக்கு மாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. டி-க்கு மாற்றி, மெட்டைத் திறந்த டி தந்தியிலிருந்து தொடங்கினால் இரண்டாவது வாக்கியம் ஜி தந்தியில் சி ஷார்ப் வழியாக ஏ வரை இறங்கும். அந்த சி ஷார்ப்புக்கு மூன்றாம் விரலை மேலே நீட்ட வேண்டும். ஜி-க்கு மாற்றினால் முதல் இரண்டு வாக்கியமும் டி, ஏ தந்திக்குள் அடங்கும், ஆனால் சி நேச்சுரல் வரும். நம் தேர்வு ஜி மேஜர். சி நேச்சுரல் எப்படியும் கற்க வேண்டியதுதான். ஜி தந்தியில் மூன்றாம் விரலை நீட்டுவது பிறகு வரட்டும்.

கிரீக் எழுதிய மலையரசன் மண்டபம். மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறுவதால் பிள்ளைகள் இதைத்தான் கேட்பார்கள். மூலம் பி மைனர். எளிய பதிப்புகளில் ஈ மைனரும் டி மைனரும் அதிகம் தென்படும். முதல் ஏழு சுரம் சொர்க்கம். அடுத்த ஆறு சுரத்தில் மெட்டு அரைச் சுரமாகச் சறுக்கும்: ஈ மைனரில் ஏ ஷார்ப் - எஃப் ஷார்ப், உடனே ஏ நேச்சுரல் - எஃப் நேச்சுரல். இரண்டு பாருக்குள் இரண்டு விரல் இடம் மாற வேண்டும். வேகமும் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டாம் வருடத்துக்கு வையுங்கள். அதற்கு முன் கொடுத்தால், கடைசி 16 பார்கள் பாட்டாக இராது, கலவரமாக இருக்கும்.

மோட்சார்ட்டின் ஐனெ க்ளைனெ நாக்ட்மூசிக் (1787, ஜி மேஜர்) முதல் நான்கு பார் எல்லோரும் ஒன்றாக வாசிப்பதால் கம்பீரமாக இருக்கும். ஐந்தாம் பாரிலிருந்து உள்வரிகளில் வேலை குவியும். முதல் பகுதியை முழுதாகத் தரும் பதிப்பு வேண்டாம், சுருக்கியது போதும். விவால்டியின் வசந்தம் மூலத்தில் ஈ மேஜர், நான்கு ஷார்ப். டி-க்கோ ஜி-க்கோ மாற்றாத தாளைத் தொடவே வேண்டாம். பாக் எழுதிய மூன்றாம் பிராண்டன்பர்க் (1721) மூன்று வயலின், மூன்று வயோலா, மூன்று செல்லோ என்று சமமாகப் பிரித்தது. அந்த நியாயத்தை விடாமல் செமிக்வேவர்களை மட்டும் க்வேவராக இறக்கிய அரேஞ்ச்மென்ட் கிடைத்தால் அதுதான் பொக்கிஷம்.

இவற்றோடு நம் பக்கத்துச் சரக்கு ஒன்றையும் சேர்க்கலாம். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் அமைத்த நோட்டுஸ்வரங்கள். சங்கராபரணம், கமகம் கிடையாது, நேரான சுரம். கர்நாடக வயலின் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாடமான சில இருக்கும். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலை வரும். ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டு. ஜி மேஜரில் எழுதினால் எஃப் ஷார்ப் முதல் மேல் ஈ வரை, டி, ஏ தந்திக்குள் முடிந்துவிடும். அந்த ஈ-க்கு நான்காம் விரல் அல்லது திறந்த ஈ தந்தி. ஹெய்டனுக்கு ஜி மேஜரில் தயாரான கை இதற்கும் தயார்.

குளிரும் மழையும் தேர்வில் வரும்

ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் பிருடைகள் (தந்தியைச் சுற்றி இறுக்கும் முளைகள்) ஊறி இறுகும், வில்லின் மயிர் தளரும். ஜனவரியின் உலர்ந்த குளிரில் அதே பிருடை வழுக்கிக்கொண்டு தந்தி இறங்கும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் அக்டோபர், நவம்பரிலும் நல்ல மழை உண்டு. 45 நிமிட ஒத்திகையில் சுருதி சேர்க்கவே 10 நிமிடம் போகும் என்று கணக்கு வையுங்கள். மீதி 35 நிமிடத்துக்குத்தான் பாட்டு. நான்கு தந்திக்கும் ஃபைன் டியூனர் (சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் சின்னத் திருகு) போட்டால் அந்தப் பத்து ஐந்தாகும்.

தேர்வுக்கு இதில் மூன்று பாடம். டிசம்பர், ஜனவரி காலை நிகழ்ச்சிக்கு வேகமான பாட்டை முதலில் வைக்காதீர்கள். விறைத்த விரல் ஓடாது. மெதுவான, திறந்த தந்திகள் நிறைய வரும் பாட்டில் தொடங்குங்கள். மழைக்கால நிகழ்ச்சி தகரக் கூரை மண்டபத்தில் என்றால் பிசிக்காட்டோ பாட்டு யாருக்கும் கேட்காது. கல்கட்டிடத் தேவாலயத்தில் எதிரொலி நீளும். க்வேவர் ஓட்டங்கள் குழம்பும், நீண்ட சுரங்கள் அழகாக நிற்கும். ஒத்திகை வகுப்பறையில் நன்றாகக் கேட்டது அங்கே கேட்காமல் போவது இதனால்தான்.

எத்தனை பாட்டு, எத்தனை வாரம்

வாரத்துக்கு ஒன்றாக 12 ஒத்திகை இருந்தால் மூன்று பாட்டு. மொத்தம் எட்டு ஒன்பது நிமிடம். ஒன்று பிள்ளைகளின் நிலைக்குக் கொஞ்சம் கீழே, ஒன்று சரியாக நிலையில், ஒன்று அரைப் படி மேலே. மூன்றும் மேலே இருந்தால் மேடையில் ஒன்றுகூட நிற்காது.

வாங்கும் முன் சோதிக்க முடிந்தால், மாதிரிப் பக்கத்தை முதல் முறையாகப் பாதி வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று முறைக்குள் நின்று கடைசி வரை போய்விட்டால் அந்தத் தாள் உங்களுடையது. ஐந்தாறு முறை நின்றால் எங்கே நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் நின்றால் அது கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரே பிரச்சினை. ஆளுக்கொரு இடத்தில் நின்றால் தாளைத் திருப்பி வையுங்கள்.

உரிமை, பிரதி, சொந்தமாக எழுதுவது

இந்தியச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. ஹெய்டனும் மோட்சார்ட்டும் எப்போதோ பொதுச் சொத்து. ஆனால் போன வருடம் ஒருவர் செய்த அரேஞ்ச்மென்ட் அவருடையது. ஒரு தாள் வாங்கிப் பதினான்கு பிரதி எடுப்பது தப்பு. அமெரிக்கப் பதிப்புகளின் முழு செட்டில் பொதுவாக 8 முதல் வயலின், 8 இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, பாஸ் ஒவ்வொன்றிலும் 5 என்று வரும், ஸ்கோரும் சேர்ந்து. நமக்கு அது தாராளம். ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய இசை நூலகத்தில் மூலங்கள் இலவசமாகக் கிடைக்கும். அவை பெரியவர்களுக்கான மூலங்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மியூஸ்ஸ்கோர் மாதிரி இலவச மென்பொருளில் நீங்களே எழுதலாம். ஹெய்டன், பேத்தோவன், நோட்டுஸ்வரம் மூன்றுக்கும் அது ஒரு சனி ஞாயிறு வேலை. மெட்டை மாற்றி எழுதியதும் மென்பொருள் சரி என்று காட்டும், ஆனால் செல்லோவை எக்ஸ்டென்ஷனிலும் வயலினை ஜி தந்தியின் மூலையிலும் கொண்டுபோய் விட்டிருக்கும். ஒவ்வொரு சுரத்தையும் விரலில் வைத்துப் பாருங்கள். பிரதி எடுக்கும் முன் வில் திசைகளையும் பார் எண்களையும் அச்சிலேயே போட்டுவிடுங்கள். பிறகு பதினான்கு தாளில் பென்சிலால் எழுதுவது ஒரு முழு ஒத்திகையைத் தின்றுவிடும். பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு வரும்படி வரிகளை அமையுங்கள்.

மூன்றாம் வாரத்தில் பாட்டு நகரவில்லை என்றால்

முழுப் பாட்டையும் தூக்கி எறியும் முன் ஒரு வரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். திணறும் பிள்ளைக்குத் தனித் தாள் ஒன்று எழுதுங்கள்: ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் இசையோடு ஒத்துப்போகும் திறந்த தந்தி சுரம் ஒன்று, மற்றது ஓய்வு. டி மேஜர் பாட்டில் டி, ஏ, ஜி மூன்றும் போதும். டோனிக் (ச) வரும் பாரில் டி, டாமினன்ட் (ப) வரும் பாரில் ஏ, சப்டாமினன்ட் (ம) வரும் பாரில் ஜி. பாடம் ஏறிய பிறகு இரண்டாம் பீட்டிலும் ஒரு சுரம் சேர்க்கலாம். இப்படி இரண்டு பேருக்கு மேல் எழுத வேண்டி வந்தால் தேர்வே தப்பு என்று பொருள். அன்றைக்கே ஆனந்தக் கீதத்தை எடுத்து ஸ்டாண்டில் வையுங்கள். ஒன்பது வாரம் மிச்சம் இருக்கிறது.